பொய்யர் வரைந்த சேவல்

எங்கள் மூலக்கொத்தளத்துக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நல்ல உறவு என்று சொல்ல மாட்டேன். பயத்தினால் உண்டான உறவு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் வைத்திருந்து, சமாதான உடன்படிக்கையின்படி 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் 1758 டிசம்பரில் லாலி மறுபடியும் படையோடு வந்தார். கோட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் பட்டணத்தை அவருடைய சிப்பாய்கள் சூறையாடித் தீர்த்துவிட்டார்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து ஹைதர் அலியின் குதிரைகள் ஊர் எல்லை வரையில் வந்து கனைத்துவிட்டுப் போயின.

இத்தனை ஆன பிறகுதான் கும்பினியாருக்குப் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் வந்தது. 1769-இல் ஆரம்பித்து மேற்கிலும் வடக்கிலும் மதிலைக் கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்ற ஒப்பந்தக்காரர். அந்த மதிலுக்காகப் போட நினைத்த வரிதான் இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோடு என்று பெயராக நிற்கிறது. மதிலின் மூலையில் நின்ற கொத்தளம் மூலைக் கொத்தளம். ஜனங்களின் வாயில் அது மூலக்கொத்தளம் ஆகிவிட்டது. மதில் போய்விட்டது. கொத்தளமும் போய்விட்டது. ராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்கா என்று ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆக, நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கு மறைமுகமாகப் பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்!

இந்தப் பீடிகையெல்லாம் எதற்கு என்றால், பீரங்கியோடு வந்த அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பின்னால் தூரிகையோடு ஒருவர் வந்தார். அவர் கோட்டை பிடிக்க வரவில்லை. கோழி பிடிக்க வந்தார். அவர் வரைந்த ஒரு சேவலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அந்தச் சேவலை நான் சந்தித்தது எங்கள் தெருவிலிருந்த பழைய பேப்பர் கடையில். ஏதோ ஒரு பழைய புத்தகத்துப் படத்தைப் பெரிதாக்கி வர்ணத்தில் அச்சிட்ட தாள். ஓரமெல்லாம் மடிந்து, எடைக்கு எடை போடப்பட்ட பத்திரிகைகளுக்கு நடுவே கிடந்தது. கடைக்காரர் அதற்குப் பணம் வாங்கிக்கொள்ளவில்லை. "கோழிப் படந்தானே சார், எடுத்துக்கினு போங்க" என்றார்.

கோழிப் படந்தான். ஆனால் நாம் தெருவில் பார்க்கிற கோழி அல்ல. உடம்பு சாம்பல் நிறம். ஒவ்வொரு இறகின் நடுவிலும் நூல் இழுத்தாற்போல் வெள்ளைக் கோடு. வால் கருத்து மினுமினுக்கிறது. எல்லாவற்றையும்விட விசேஷம் கழுத்து. அந்தக் கழுத்து இறகுகளின் நுனியில் அரக்கைச் சொட்டுச் சொட்டாக உருக்கி வைத்தது போல மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னஞ்சிறு தகடுகள். இறகின் காம்பே தட்டையாகி, கெட்டியாகி, நகம் போல் பளபளக்கிற விந்தை அது. வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் கழுத்தில் இப்படி இல்லை.

படத்தின் அடியில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. புதுச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அதை எழுத்துக் கூட்டி எழுதி அனுப்பினேன். "கோக் சோவாஜ், அதாவது காட்டுச் சேவல். வரைந்தவர் சொன்னெரா. எங்கள் ஊரில் இருந்தவர்தான்" என்று பதில் வந்தது. பிரெஞ்சுக்காரரை "எங்கள் ஊர்" என்று உரிமை கொண்டாடுவது புதுச்சேரிக்காரர்களின் சுபாவம். நான் அதை ரசித்துவிட்டு, சட்டம் போட்டு மாட்டலாம் என்று படத்தை மேஜைமேல் விரித்து வைத்தேன். அப்போதுதான் கால்களைக் கவனித்தேன். மஞ்சள் கலந்த சிவப்புக் கால்கள். எனக்குச் சுரீர் என்றது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சேவல்காரத் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் சிறு வயதில் எங்கள் சந்தில் ஒரு கிழவர் இருந்தார். மேற்கே மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்பைத் தேடி ஹார்பருக்கு மூட்டை தூக்க வந்தவர். முதுகு வளைந்து, மூட்டை தூக்குவது நின்ற பிறகு சண்டைச் சேவல் வளர்த்தார். சேவற்கட்டு சட்ட விரோதம் என்று போலீசார் அவ்வப்போது விரட்டுவார்கள். அவரும் இரண்டு நாள் சேவல்களை வேறு வீட்டில் மறைத்து வைத்துவிட்டு மூன்றாம் நாள் திண்ணையில் கொண்டுவந்து கட்டிவிடுவார். காகம், வல்லூறு, கீரி, மயில் என்று நிறத்தைக் கொண்டு அவற்றுக்கு ஜாதி சொல்லுவார். கேழ்வரகும் கம்பும் ஊறவைத்துக் கையால் ஊட்டுவார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஊட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

அவரிடம் ஒரு கதை உண்டு. சாயங்காலத்தில் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்தால் அந்தக் கதை வந்தே தீரும். "எங்க ஊர் மலைமேல காட்டுச் சேவல் இருக்கு. நம்ம ஊட்டுச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது. வெட்டி வெட்டிக் கூவும். கழுத்துல காசு மாலை போட்டாப்புல மின்னும். அதுக்குக் கால் மஞ்சள். இந்தா, எஞ் சேவலுக்கும் கால் மஞ்சள். இதுக்கு அந்தக் காட்டு ரத்தம் இருக்கு. வேற என்ன சாட்சி வேணும்?" என்பார். யாராவது சிரித்தால், "முருகன் கொடியில இருக்கிறது கூண்டுக் கோழியா? மலையாண்டி கொடியில மலைச் சேவல்தான்யா இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு அதற்கு மேல் போகாமல் நின்றவன். முழுக்கப் படித்தவனுக்கு அடக்கம் வரும் என்கிறார்கள். படிக்காதவனுக்கு இயல்பாகவே இருக்கும். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றவனிடம் அந்த வயதில் அதை எதிர்பார்க்கக் கூடாது. கல்லூரியில் பிராணி நூல் பாடத்தில் வீட்டுக் கோழியின் பூர்வீகம் பற்றி ஒரு பக்கம் படித்திருந்தேன். அது போதாதா? ஒருநாள் டீக்கடையில் ஐந்தாறு பேர் கூடியிருக்கும்போது தாத்தாவின் கதையை இடைமறித்தேன். "தாத்தா, இது சுத்தப் பொய். உலகத்துக் கோழிக்கெல்லாம் மூதாதை வடக்கேயும் பர்மாப் பக்கமும் இருக்கிற சிவப்புக் காட்டுக்கோழி. உங்கள் மலைச் சேவலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. டார்வின் என்ற மகா மேதை நிரூபித்துவிட்டார்" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

தாத்தா சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள்தான், "என்ன தாத்தா, காட்டு ரத்தம் எப்படி இருக்கு?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் அவர் போய்விட்டார். எங்கள் ஊர் மயானம் பிரசித்தமானது. மொழிப் போரில் 1939-இல் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். தாத்தாவும் அந்த மண்ணுக்கே போனார்.

இனி சொன்னெராவின் கதைக்கு வருகிறேன். பியேர் சொன்னெரா 1748-இல் லியோன் நகரத்தில் பிறந்தவர். இன்று மொரீஷியஸ் என்கிறோமே, அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே நிர்வாகியாக இருந்த புவாவ்ர் என்பவர் இவருக்கு உறவு. இருபது வயதில் இளைஞர் கப்பல் ஏறினார். அங்கே கொம்மெர்ஸோன் என்ற தாவர நிபுணரிடம் செடி கொடிகளையும் பிராணிகளையும் பார்க்கவும் சேகரிக்கவும் கற்றுக்கொண்டார். கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை டச்சுக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவர ஒரு கப்பல் மொலுக்கஸ் தீவுகளுக்குப் போயிற்று. அதில் சொன்னெராவும் போனார். திரும்பி வந்து 1776-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'நியூ கினிப் பிரயாணம்'.

சங்கடம் என்னவென்றால், அவர் நியூ கினிக்குப் போகவில்லை. அதற்கு இப்பால் ஒரு சின்னத் தீவோடு திரும்பிவிட்டார். போகாத ஊருக்கு வழி சொல்வதோடு நிற்காமல் அந்த ஊரின் பறவைகள் என்று சிலவற்றை வரைந்தும் காட்டினார். அவற்றில் பெங்குவின்கள் இருந்தன! தெற்கே பனிக்கடலில் வாழும் பெங்குவினை, வெயில் கொளுத்துகிற நியூ கினியில் குடியேற்றிய பெருமை அவருடையது. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் பறவையான கூக்கபராவையும் நியூ கினிக்காரன் ஆக்கிவிட்டார். யாரோ கொடுத்த பாடம் செய்த உடலைப் பார்த்து வரைந்துவிட்டு, தானே போய்ப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார். அவரை நம்பி விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். அதனால் ஒரு பெங்குவின் இன்றைக்கும் சாஸ்திரப் பெயரில் 'பாப்புவா'வைச் சுமந்துகொண்டு பனியில் நடக்கிறது. கூக்கபராவின் பெயரிலும் நியூ கினி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பொய்யரிடம் கோபம் வரவில்லை. போகாத ஊரைப் பற்றி எழுதாத நாவலாசிரியன் யார்? ஆனால் நாங்கள் முதல் பக்கத்திலேயே 'இது கற்பனை' என்று போட்டுவிடுகிறோம். அவர் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் முறை அவர் புறப்பட்டது 1774-இல். இந்தத் தடவை நிஜமாகவே வந்தார். ஏழு வருஷம் கிழக்கு நாடுகளில் சுற்றினார். நடுவிலே 1778-இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அந்தக் குழப்பமான காலத்தில் அவர் நம் ஊர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார், வரைந்தார். 1782-இல் பாரிஸில் 'கிழக்கிந்தியாவுக்கும் சீனாவுக்கும் பிரயாணம்' என்ற நூல் இரண்டு பெரிய பாகங்களாக, நூற்றுக்கு மேற்பட்ட படங்களோடு வந்தது. அதில் நம் தெய்வங்கள் இருக்கிறார்கள். தறி நெய்கிறவன், பானை வனைகிறவன் என்று நம் தொழிலாளிகள் இருக்கிறார்கள். கூடவே பறவைகளும் மிருகங்களும். அவற்றில் ஒன்றுதான் என் மேஜைமேல் கிடக்கும் காட்டுச் சேவல்.

சொன்னெரா ராஜா ரவிவர்மா அல்ல. அவருடைய பறவைகள் பல, போட்டோக் கடையில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கும். ஒரு வகையில் அது இயற்கை. அந்தக் காலத்தில் பறவையை வரைவது என்றால் முதலில் அதைக் கொல்வது என்று அர்த்தம். கண்ணி வைத்துப் பிடித்துக் கொடுத்தவன் நம்மவனாகத்தான் இருக்க வேண்டும். காட்டுக்கோழி எந்தப் புதரில் மேயும், எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் லியோனில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? இம்மாதிரிப் படங்களின் அடியில் கண்ணி வைத்தவன் பெயர் இருப்பதில்லை. ஆனாலும் அவன் கொண்டுவந்து போட்ட பறவையை இவர் ஊன்றிப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். கழுத்துத் தகடுகளைக் கவனித்தார். வித்தியாசமான சேவல் என்று கண்டார். உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். தெம்மிங்க் என்ற டச்சு அறிஞர் 1813-இல் அந்தப் பறவைக்குச் சொன்னெராவின் பெயரையே சாஸ்திரப் பெயராக வைத்தார். அதற்கு அடுத்த வருஷம் சொன்னெரா பாரிஸில் காலமானார்.

சேவலை வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. ஓர் அபிப்பிராயமும் சொன்னார்: நம் வீட்டுக் கோழிகளெல்லாம் இந்தக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவையே என்றார். தாத்தா டீக்கடையில் சொன்னாரே, ஏறக்குறைய அதே வார்த்தைதான்! இதைச் சில காலம் பலரும் நம்பினார்கள். பிறகு டார்வின் வந்தார். கல்கத்தாவில் இருந்த பிளைத் என்ற பறவை நிபுணரிடம் கடிதம் மூலம் விசாரித்தார். தானே பல ஜாதிக் கோழிகளை வளர்த்தும் கலந்தும் பார்த்தார். 1868-இல் வெளியிட்ட புத்தகத்தில் தீர்ப்புச் சொன்னார். சொன்னெராவின் சேவலுக்குக் கழுத்து இறகு வேறு, குரல் வேறு, வீட்டுக் கோழியோடு சேர்ந்தால் பிறக்கிற குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. ஆகவே மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே. பெங்குவினை நியூ கினிக்கு அனுப்பியவரின் பேச்சுக்கு டார்வினுடைய பேச்சுக்கு எதிரே என்ன மதிப்பு இருக்கும்? வழக்கு முடிந்துவிட்டது. நூற்று நாற்பது வருஷம் முடிந்தே கிடந்தது. அந்த முடிந்த வழக்கைத்தான் நான் தாத்தாவின் தலையில் போட்டேன்.

இதற்கிடையில் சேவலின் அழகே அதற்குச் சத்துருவாயிற்று. சீமையில் துரைமார்கள் ஆற்றில் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகுகளைக் கட்டிப் பொய் ஈ செய்வார்கள். அந்தப் பொய் ஈக்குப் பளபளக்கும் கண் வைக்க நம் காட்டுச் சேவலின் கழுத்துத் தகடுதான் உயர்ந்த சரக்கு. யாரோ ஒருவர் ஒரு மீனை ஏமாற்றுவதற்காக இங்கே மலைச்சரிவில் ஒரு சேவல் செத்தது. 1902-இல் அரசாங்கம் பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் அந்த வெட்டுக் குரல் கேட்கிறது என்றால், சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது வழக்கின் கடைசிக் கட்டத்தைச் சொல்ல வேண்டும். 2008-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களுமாகச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒரு குழந்தை கேட்கிற கேள்வி: கோழிக்குக் கால் ஏன் மஞ்சள்?

கோழி தின்கிற தானியத்திலும் பச்சையிலும் மஞ்சள் சத்து இருக்கிறது. சிவப்புக் காட்டுக்கோழியின் தோலில் ஒரு நொதி அந்தச் சத்தை வெட்டிக் கரைத்துவிடுகிறது. ஆகையால் தோலில் மஞ்சள் ஏறுவதில்லை. மஞ்சள் கால் கோழிகளில் அந்த நொதி தோலில் மட்டும் வேலை செய்யாமல் தூங்கிவிடுகிறது. மஞ்சள் அப்படியே தங்கிவிடுகிறது. இந்தத் தூக்கத்துக்குக் காரணமான மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். சிவப்புக் காட்டுக்கோழியிடம் அது இல்லை. தேடிக்கொண்டே போனால், அது சொன்னெராவின் சேவலிடம் போய் நின்றது. என்றோ ஒரு காலத்தில், நம் நாட்டில் ஏதோ ஒரு காட்டோரக் கிராமத்தில், வீட்டுக் கோழியோடு மலைச்சேவல் கலந்திருக்கிறது. பிறந்த குஞ்சுகள் 'பெரும்பாலும்' மலடு என்றார் டார்வின். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லின் இடுக்கில் ஒரு குஞ்சு தப்பிப் பிழைத்திருக்கிறது.

நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டார்வின் தோற்றுவிடவில்லை. கோழி வம்சத்தின் பெரும் பங்கு சிவப்புக் காட்டுக்கோழியுடையதுதான். அதிலும் பர்மா, வடக்குத் தாய்லாந்து, சீனாவின் தென்மேற்கு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஒரு கிளைதான் மூலம் என்று 2020-இல் நூற்றுக்கணக்கான கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கோழிக்கும் இதுவே மூதாதை என்று சொன்னெரா சொன்னது தப்பு. ஒன்றுக்கும் இது மூதாதை அல்ல என்று டார்வின் சொன்னதும் தப்பு. நம் தாத்தா சொன்னதை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் உலகத்துக் கோழியைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "எஞ் சேவலுக்குக் கால் மஞ்சள், இதுக்கு அந்தக் காட்டு ரத்தம் இருக்கு" என்றார். மூவரில் அளவோடு பேசியவர் அவர் ஒருவர்தான். அளவுக்குள்ளேயே அவர் சொல் நின்றது.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் படித்தபோது தாத்தா போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "தாத்தா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்று போய்ச் சொல்ல ஆள் இல்லை. டீக்கடையும் இல்லை, கேலி செய்தவர்களும் சிதறிவிட்டார்கள். அன்றைக்கு நான் சொன்னது பொய் அல்ல. அந்த நாளில் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டதைப் பொய் என்று ஐந்தாறு பேர் முன்னால் சொல்லி, அவர் வாயிலிருந்து ஒரு கதையைப் பிடுங்கிவிட்டேன். புத்தகம் பின்னால் தன்னைத் திருத்திக்கொண்டது. தாத்தாவின் மௌனத்தை யார் திருத்துவது?

சொன்னெராவின் விஷயமும் எனக்கு இப்படித்தான் படுகிறது. அவர் பெங்குவின் பொய் சொன்னவர் என்பதால் சேவலைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத் தள்ளினோம். பொய்யன் வாயிலும் ஒரு வீசம் மெய் இருக்கும் என்று நினைக்க யாருக்கும் தோன்றவில்லை. பார்க்காத பெங்குவினின் ஊர் விஷயத்தில் அவர் கை கூசாமல் பொய் எழுதியது. கண்ணெதிரே கிடந்த சேவலின் விஷயத்தில் அதே கை ஒழுங்காக வேலை செய்தது. கண்ணால் பார்த்த அளவுக்கு அவர் யோக்கியர்.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். கீழே அச்சிட்டிருந்த பிரெஞ்சுப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் தாத்தாவின் பெயரையும் எழுதியிருக்கிறேன். அது என்ன பெயர் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் வீட்டார் இன்னும் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மூலக்கொத்தளத்துக் கோழிக் கடையில் வரிசையில் நின்றேன். உரித்த பிராய்லர் கோழிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சிறகு இல்லை, கொண்டை இல்லை. காட்டைப் பற்றிய ஞாபகம் ஒன்றுகூட அவற்றில் மிச்சம் இல்லை. கால்கள் மட்டும் நல்ல மஞ்சள். கடைக்காரப் பையன் ஒரே வெட்டில் அந்தக் கால்களைத் தறித்துக் கூடையில் போட்டான்.

"தம்பி, அந்தக் கால் மலையிலிருந்து வந்தது" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இல்ல சார், நாமக்கல்லேருந்து லோடு வருது" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரியாத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.